ஆனி ஆடியில் போகும் மணல் மாசியில் முழுதாகத் திரும்பாதது ஏன்? நீரோடி, பொழியூர்க் கரை குறித்து ஒரு கேள்வி

கொல்லங்கோடு ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். குமரி மாவட்டத்தில் கொல்லங்கோட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் நடத்துகிறேன். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் நீரோடி முதல் தூத்தூர் வரையுள்ள கடலோர ஊர்களிலிருந்து வருகிறவர்கள். சென்ற வாரம் அலைகளின் அரித்தல், படியவைத்தல் பற்றிய பாடத்தை நடத்தி, ஓங்கல் (கடலோரச் செங்குத்துப் பாறை), கடற்குகை, கடல் வளைவு, கடல்தூண் ஆகியவற்றைக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தபோது, மார்த்தாண்டன்துறை மாணவி ஒருத்தி எழுந்து, தங்கள் ஊரில் இவற்றில் ஒன்றுகூட இல்லை என்றும், அங்கே இருப்பது மணல்தான் என்றும், அந்த மணலை ஆனி ஆடியில் எடுத்துப்போகும் கடல் மார்கழிக்குள் திருப்பிக் கொடுத்துவிடும் என்று பாட்டி சொன்னதாகவும், ஆனால் தான் பிறந்த பிறகு அது முழுதாகத் திரும்பியதைப் பார்த்ததில்லை என்றும் சொன்னாள். என்னிடம் தெளிவான பதில் இல்லை.

அன்று மாலையே அந்த ஊருக்குச் சென்று பார்த்தேன். குருசடிக்கு (சிலுவைச் சிற்றாலயத்துக்கு) முன்னால், கரையில் நின்று கரமடி வலையை இழுக்கும் அளவுக்கு அகலமான மணல்வெளி இருந்தது என்று பெரியவர்கள் கை நீட்டிக் காட்டிய இடத்தில் இப்போது கருங்கல் சுவரும் அதற்கு வெளியே நேரடியாகத் தண்ணீரும்தான் இருக்கின்றன. கடலுக்குள் நீளும் கல்வரிசையான ஒரு தூண்டில் வளைவின் ஒரு பக்கத்தில் மணல் மேடிட்டு வள்ளங்கள் ஏற்றி வைக்கப்பட்டிருக்க, மறுபக்கத்தில் வீட்டின் அடித்தளம் வெளியே தெரிகிறது. கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பொழியூரில் கேட்டால் தமிழ்நாட்டுக் கற்கள்தான் காரணம் என்கிறார்கள். இந்தப் பக்கம் கேட்டால் வேறு காரணம் சொல்கிறார்கள். எடுப்பதும் கொடுப்பதும் ஒரே கடல் என்றால், அது எப்போது எடுக்கிறது, எப்போது கொடுக்கிறது, எந்தத் திசையில் மணலை நகர்த்துகிறது என்பதைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி விளக்க உதவ வேண்டும். பாடநூலில் உள்ள ஓங்கல் முதலியவற்றை நேரில் காட்ட அருகில் எங்கே அழைத்துச் செல்லலாம் என்பதையும் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பாறசாலைப் பெரியவர்:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நானும் முப்பது ஆண்டுகள் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். அந்த மாணவியின் பாட்டி சொன்னது முழுக்க உண்மை. நம் பாடநூல்கள் அழுத்திச் சொல்லாத உண்மையும் அதுவே.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில், அதாவது நீங்கள் ஆனி ஆடி என்றும் நாங்கள் இங்கே மிதுனம், கர்க்கடகம் என்றும் சொல்லும் மாதங்களில், அலைகள் உயரமாகவும் செங்குத்தாகவும் ஒன்றன்பின் ஒன்றாக எட்டு முதல் பத்து வினாடி இடைவெளியிலும் வந்து விழுகின்றன. முந்தைய அலையின் தண்ணீர் வடிவதற்குள் அடுத்தது வந்துவிடுவதால் கரை எப்போதும் நீரில் ஊறியே இருக்கிறது; ஊறிய மணலுக்குள் தண்ணீர் இறங்காது; ஏறி வந்த நீர் அத்தனையும் மேற்பரப்பிலேயே திரும்பி ஓடுகிறது, ஓடும்போது மணலையும் வாரிக்கொண்டு போகிறது. ஆனால் அந்த மணல் ஆழ்கடலுக்குப் போய்விடுவதில்லை. கரைக்குச் சற்று வெளியே, சில மீட்டர் ஆழத்தில், கரைக்கு இணையாக ஒரு நீண்ட மேடாகப் படிகிறது. ஆடி மாதத்தில் கரையிலிருந்து பார்க்கும்போது தொலைவில் ஒரு வெள்ளைக் கோடாக அலை உடைவதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அந்தக் கோட்டுக்குக் கீழேதான் அவர்களுடைய மணல் இருக்கிறது. பெரிய அலைகள் அந்த மேட்டிலேயே உடைந்து தளர்ந்துவிடுவதால், கரையை விட்டுப் போன மணல் கரைக்கே காவலாகவும் நிற்கிறது.

பருவக்காற்று ஓய்ந்த பிறகு வரும் அலைகள் தாழ்ந்தவை, நீளமானவை, நிதானமானவை. ஏறும் நீர் மணலைச் சுமந்து வந்து, காய்ந்த கரையில் பாதி இறங்கிவிடுவதால், திரும்பும் நீருக்கு அந்த மணலை மீண்டும் இழுத்துச் செல்லும் வலு இருப்பதில்லை. இப்படி ஒவ்வோர் அலையும் ஒரு கைப்பிடியாக மேட்டைக் கரையேற்றுகிறது. எடுப்பதற்கு ஒரே இரவு போதும். திரும்பக் கொடுப்பதற்குப் பல மாதங்கள் ஆகும். ஆகவே ஆடியில் கரை குறுகியதை மட்டும் பார்த்து ஊர் அழிந்தது என்று சொல்லவும் கூடாது, மாசியில் அகன்றதை மட்டும் பார்த்துச் சரியாகிவிட்டது என்று சொல்லவும் கூடாது.

கருங்கல் சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மணற்கரையில் ஏறும் அலை தன் வலுவைச் சிறிது சிறிதாக இழக்கும். சுவரில் மோதும் அலை அதை முழுதும் இழக்காமல் திரும்பி, சுவரின் அடியில் இருக்கும் மணலைத் தோண்டுகிறது. சுவருக்குப் பின்னால் இருக்கும் வீடு தப்பலாம்; அந்த வீட்டில் குடியிருப்பவருக்கு அதுவே பெரிது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சுவருக்கு முன்னால் மீண்டும் மணல் வந்து தங்குவது கடினம். அந்த மாணவி பிறந்த பிறகு கரை திரும்பாததற்கு இது ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

தூத்தூர் வள்ளக்காரன்:

ஆசிரியை அவர்களுக்கும் பெரியவருக்கும் வணக்கம். நான் பதினாறு வயதில் கடலுக்குப் போகத் தொடங்கியவன். பெரியவர் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது, காற்று இல்லாமலே வரும் கடல். சித்திரை, வைகாசியில் வானம் தெளிவாக இருக்கும், காற்று அசையாது, மழையின் அறிகுறியே இருக்காது. ஆனால் கடல் திடீரென்று வீங்கி வீட்டு முற்றம் வரை ஏறும். திருடனைப் போல வருவதால் இதைக் கள்ளக்கடல் என்கிறோம். நம் கரையோரத்துச் சொல்லான இதனை 2012இல் யுனெஸ்கோவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் புயல்களால் உண்டாகும் அலைகள் பல நாள்கள் பயணம் செய்து இங்கே வந்து சேர்கின்றன என்று ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையத்தினர் விளக்கி, இப்போது முன்கூட்டியே எச்சரிக்கையும் விடுகிறார்கள். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தது இத்தகைய எச்சரிக்கை நடப்பில் இருந்த நாள்களில்தான். பிள்ளைகளுக்கு இதை மறக்காமல் சொல்லுங்கள். தெளிந்த வானத்தை நம்பிக் கடலில் இறங்கக் கூடாது என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அறிவார்கள். மேட்டு ஊர்ப் பிள்ளைகளுக்கு அது தெரியாது.

இரண்டாவது, மணல் ஓடும் திசை. பலரும் மணல் மேற்காக, கேரளத்தை நோக்கியே போகிறது என்று நினைக்கிறார்கள். நான் பார்த்தது அப்படியல்ல. ஆடி மாதத்தில் கரையோரம் ஒரு தேங்காயைப் போட்டால் அது கிழக்கே தேங்காப்பட்டணத்துப் பக்கமாக நகரும். மாசி, பங்குனியில் அதே இடத்தில் போட்டால் மேற்கே நீரோடிப் பக்கமாக நகரும். அப்படியானால் மணல் மட்டும் ஆண்டு முழுதும் ஒரே பக்கமாக எப்படிப் போகும்?

மணல் ஆய்வாளன், திருவனந்தபுரம்:

வணக்கம். என் சொந்த ஊர் குழித்துறை. இப்போது திருவனந்தபுரத்தில் கடற்கரை மணலைப் பற்றி ஆய்வு செய்து வருகிறேன். வள்ளக்கார அண்ணன் தேங்காயை வைத்துச் சொன்னதே இந்தக் கேள்வியின் மையம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தேங்காப்பட்டணத்திலிருந்து நீரோடி, பொழியூர் வரையுள்ள கரை தென்கிழக்கிலிருந்து வடமேற்காகச் சாய்ந்து ஓடுகிறது. ஆகவே அது தென்மேற்கைப் பார்த்து நிற்கிறது. பருவமழைக் காலத்தில் அலைகள் பெரும்பாலும் மேற்கிலிருந்தும் மேற்குத் தென்மேற்கிலிருந்தும் வருகின்றன. இக்கரைக்கு அவை வலப்பக்கச் சாய்வாக வருவதால் மணலைக் கிழக்காக, தேங்காப்பட்டணத்தை நோக்கித் தள்ளுகின்றன. மற்ற மாதங்களில் தென்கடலிலிருந்து வரும் நீண்ட அலைகள் இடப்பக்கச் சாய்வாக வந்து மணலை மேற்காக, பொழியூரை நோக்கித் தள்ளுகின்றன. ஏறும் நீர் சாய்வாக ஏறுகிறது, இறங்கும் நீர் நேராக இறங்குகிறது. ஒரு மணல் துகள் இப்படி ரம்பத்தின் பற்களைப் போலத் தடம் போட்டுக்கொண்டே நகர்கிறது. இதோடு, அலை உடையும் பகுதிக்கு உள்ளே கரைக்கு இணையாக ஓடும் நீரோட்டமும் சேர்ந்துகொள்கிறது. மிகுதியான மணலை எடுத்துச் செல்வது அந்த ஓட்டமே.

பாடநூல்களில் எடுத்துக்காட்டாக வருவது சென்னை. அங்கே ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால் மணல் வடக்கு நோக்கியே நகர்கிறது. எனவே துறைமுகச் சுவர் எழுந்ததும் அதற்குத் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே இராயபுரம் அரிக்கப்பட்டது. நம் கரையில் இரண்டு திசைகளும் உண்டு. ஆண்டின் முடிவில் மிஞ்சுவது இரண்டு பெரிய அளவுகளுக்கு இடையிலான வேறுபாடு மட்டுமே. அந்த வேறுபாடு இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது. பருவக்காற்று வலுத்த ஆண்டில் ஒரு பக்கம் மிகலாம், தென்கடல் அலைகள் வலுத்த ஆண்டில் மறுபக்கம் மிகலாம். எல்லையின் இருபுறத்தாரும் மற்றவரைக் குறை சொல்ல முடிவதற்கு இதுவே காரணம் என்று நான் கருதுகிறேன். ஒவ்வொருவரும் தாம் இழந்த மாதத்தைச் சொல்கிறார்கள். அந்த மாதத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது பொய்யல்ல.

தூண்டில் வளைவு என்பது இந்தப் போக்குவரத்தின் குறுக்கே போடப்பட்ட கல்வரிசை. கேரளத்தில் இதைப் புலிமுட்டு என்பார்கள். அது புதிதாக மணலை உண்டாக்குவதில்லை, போகும் மணலைப் பிடித்து வைக்கிறது. பிடித்த அளவு அடுத்த இடத்துக்குக் குறைகிறது. ஆகவே வரிசையின் கடைசி வளைவுக்கு அப்பால் உள்ள ஊர்தான் முதலில் இழக்கிறது, அங்கே இன்னொரு வளைவு கேட்கிறார்கள், அது கட்டப்பட்டதும் இழப்பு அடுத்த ஊருக்குப் போகிறது. நீரோடி தமிழ்நாட்டின் கடைசிக் கடற்கரை ஊர் என்பதால் அந்த இழப்பு மாநில எல்லையைத் தாண்டிப் போய் அரசியல் சச்சரவாகிறது. மணலுக்கு எல்லைக்கல் தெரியாது என்பதால், இரண்டு மாநிலங்களும் ஒரே கரையாக வைத்துத் திட்டமிடாதவரை இது தீராது என்பது என் உறுதியான கருத்து.

இனி, மணல் எங்கிருந்து வருகிறது என்பது. எனக்கு இதுவே பெரிய கவலை. உங்கள் பிள்ளைகளைச் சிரட்டையோடு கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். அலை எட்டாத இடத்தில் முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, அதன் ஒரு பக்கத்தைச் செங்குத்தாகச் செதுக்கச் சொல்லுங்கள். வெளிர்நிற மணலுக்கு நடுவே விரல் தடிமனில் கருப்புப் பட்டைகளும், அவற்றின் ஓரத்தில் குங்குமம் கரைத்ததுபோன்ற சிவப்புக் கோடுகளும் தெரியும். வெளிர்நிறம் குவார்ட்ஸ், ஒரு கன சென்டிமீட்டர் 2.65 கிராம். கருப்பு இல்மனைட், அதே அளவு ஏறத்தாழ 4.7 கிராம். சிவப்பு கார்னெட், ஏறத்தாழ 4 கிராம். ஆடி மாதத்து அலை எடை குறைந்த குவார்ட்ஸை வாரிப் போகும்போது எடை மிகுந்தவை கரையிலேயே தங்கிவிடுகின்றன; பிறகு அமைதியான மாதங்களில் வெளிர் மணல் திரும்பி வந்து அவற்றை மூடுகிறது. எனவே ஒவ்வொரு கருப்புப் பட்டையும் கடல் எடுத்துச் சென்ற ஒரு நாளின் கையெழுத்து. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் கொண்ட கனிமமான மோனசைட்டைக் கண்டறிந்ததும், அதன் பின்னர் மணவாளக்குறிச்சி உலகப் புகழ் பெற்றதும் இப்படிக் கடல் சலித்து வைத்த மணலால்தான்.

அந்தக் கார்னெட்டும் இல்மனைட்டும் கடலில் பிறந்தவை அல்ல. நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகள் சிதைந்து, கோதையாறும் பறளியாறும் நெய்யாறும் அடித்து வந்தவை. கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை 1906இல் முடிந்தது. நெய்யாறு அணை 1958இல் வந்தது. அணைகளால் நமக்குக் கிடைத்த நெல்லையும் குடிநீரையும் நான் மறக்கவில்லை. ஆயினும் அணைக்குப் பின்னால் மணல் தங்குகிறது. அணைக்குக் கீழே ஆற்றில் மிஞ்சியதையும் பல ஆண்டுகள் லாரியில் அள்ளிக் கட்டடம் கட்டினோம். வரவு குறைந்த பிறகு, ஆடியில் போன மணலில் ஒரு பகுதி பெருஞ்சீற்றத்தில் மீளமுடியாத ஆழத்துக்குப் போய்விட்டால், அதை ஈடுகட்ட மலையிலிருந்து புதிய மணல் வருவதில்லை. பாட்டி கண்ட கரைக்கும் பேத்தி காணும் கரைக்கும் உள்ள வேறுபாட்டில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

கொல்லங்கோடு ஆசிரியை:

மூவருக்கும் மிக்க நன்றி. இன்று வகுப்பில் தேங்காய் விளக்கத்தைச் சொன்னபோது பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்திருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. கரை உண்மையிலேயே குறைகிறதா என்பதைப் பிள்ளைகளே அளந்து அறிய வழி உண்டா? பூவாறில் நெய்யாறு கடலில் கலக்கும் முகமான பொழி மூடுவதும் திறப்பதும் இதே மணல் கணக்கைச் சேர்ந்ததா?

பாறசாலைப் பெரியவர்:

அளக்கலாம், அம்மா. அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். அசையாத ஒன்றைத் தொடக்கமாகக் கொள்ளுங்கள். உங்கள் ஊர்களில் குருசடியின் படி இருக்கிறதே, அதைவிடச் சிறந்தது கிடைக்காது. அங்கிருந்து கடலை நோக்கி நேராக ஒரு கயிற்றைப் பிடித்து, ஈர மணலும் காய்ந்த மணலும் சந்திக்கும் கோடு வரை மீட்டரில் அளந்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மாதத்துக்கு ஒருமுறை போதும். முக்கியமானது ஒப்பிடும் முறை: இந்த ஆடியைப் போன ஆடியோடும், இந்த மாசியைப் போன மாசியோடும் மட்டுமே ஒப்பிட வேண்டும். ஆடியை மாசியோடு ஒப்பிட்டால் பருவத்தின் கணக்குத்தான் தெரியும், இழப்பின் கணக்குத் தெரியாது. தூண்டில் வளைவு இருக்கும் ஊரில் அதன் இரு பக்கமும் அளந்தால், எந்த மாதத்தில் எந்தப் பக்கம் மணல் கூடுகிறது என்பதை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பாடநூலில் உள்ள ஓங்கலைக் காண வர்க்கலைக்கு அழைத்துச் செல்லுங்கள். திருவனந்தபுரத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 40 கி.மீ. அங்கே மேலே செம்பாறை, அதற்குக் கீழே மணற்கல்லும் களிமண்ணும் அடுக்கடுக்காகக் கடலின் ஓரத்திலேயே செங்குத்தாக நிற்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. ஓங்கலின் இடையிலிருந்து ஊற்று கசிவதைக் கட்டாயம் காட்டுங்கள். மேலே பெய்த மழை உள்ளே இறங்கி, களிமண் அடுக்குக்கு மேல் தேங்கிப் பக்கவாட்டில் கசிந்து மண்ணைத் தளர்த்துகிறது; கீழே கடல் அடியைக் குடைகிறது. இரண்டும் சேரும்போதுதான் ஓங்கல் சரிகிறது. கடினப் பாறைக்கு முட்டம் போதும். அங்கே பாறை முனை கடலுக்குள் நீண்டிருப்பதால் அலைகள் வளைந்து வந்து முனையில் குவிந்து மோதுவதையும், பக்கத்துக் குடாவில் விரிந்து தளர்வதையும் கலங்கரை விளக்கத்தின் அருகிலிருந்து பார்க்கலாம். முனை தேய்வதும் குடாவில் மணல் தங்குவதும் ஏன் என்பதற்கு வேறு விளக்கமே வேண்டியிருக்காது.

மணல் ஆய்வாளன், திருவனந்தபுரம்:

பொழியும் அதே கணக்குத்தான். நெய்யாற்றில் நீர் குறையும் மாதங்களில் அலைகள் ஏற்றும் மணலைத் தள்ளிவிட ஆற்றுக்கு வலு இருப்பதில்லை; கரையோரமாக நகரும் மணல் ஒரு நாக்குபோல நீண்டு வந்து முகத்தை அடைக்கிறது. நம் கரையில் ஓதத்தின் ஏற்றமும் இறக்கமும் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால், வங்காளத்திலோ குஜராத்திலோ நடப்பதுபோல ஓதநீர் உள்ளே வந்து திரும்பும் வேகத்தில் முகத்துவாரம் தானாகத் திறந்திருக்கும் வாய்ப்பு இங்கே குறைவு. மழைக்காலத்தில் ஆற்றுவெள்ளம் உள்ளே தேங்கி உயர்ந்து, மணல் திட்டின் மிகத் தாழ்ந்த இடத்தில் வழிந்து, சில மணி நேரத்தில் பொழியை உடைத்துவிடும். அதற்கு முன்பே வீடுகளில் நீர் புகுந்தால் ஊரார் மண்வெட்டியோடு போய்ப் பொழி வெட்டுவார்கள். வெட்டும்போது முதலில் ஒரு முழ அகலத்துக்குச் சிறு வாய்க்காலாகத்தான் இருக்கும். தண்ணீர் ஓடத் தொடங்கியதும் இரு கரையும் துண்டு துண்டாக இடிந்து விழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓர் ஆறாகிவிடும்.

தேங்காப்பட்டணத்துத் துறைமுக முகத்துவாரத்தில் மணல் மேடிடுவதும் இதனோடு தொடர்புடையது. இரண்டு திசைகளிலிருந்தும் வரும் மணல், அலைத்தடுப்புச் சுவர்களுக்கு இடைப்பட்ட அமைதியான நீரில் படிந்துவிடுகிறது; அதை வெளியே தள்ளும் அளவுக்குக் குழித்துறைத் தாமிரபரணியில் ஆண்டு முழுதும் நீர் வருவதில்லை. மேட்டில் அலை திடீரென்று எழுந்து உடைவதால் அங்கே நுழையும் வள்ளங்களுக்கு நேரும் ஆபத்தை வள்ளக்கார அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

தூத்தூர் வள்ளக்காரன்:

சொல்கிறேன், தம்பி. வெளியே கடல் அமைதியாக இருக்கும். முகத்துவாரத்தை நெருங்கும்போது மட்டும் அலை நிமிர்ந்து நிற்கும். நாங்கள் எஞ்சினைத் தாழ்த்தி, வள்ளத்தை நிறுத்தி, அலைகளை எண்ணுவோம். பெரிய அலைகள் சில அடுத்தடுத்து வந்துபோன பிறகு சற்று நேரம் நீர் தணியும். அந்த நேரத்தில் பின்னால் பார்க்காமல் முழு வேகத்தில் உள்ளே நுழைந்துவிட வேண்டும். நடுவில் எஞ்சின் நின்றாலோ வள்ளம் பக்கவாட்டில் திரும்பினாலோ அடுத்த அலை கவிழ்த்துவிடும். இப்படிப் போன உயிர்கள் எங்கள் ஊர்களில் உண்டு. மேட்டை அகற்றுவதற்காக அள்ளும் மணலை லாரியில் ஏற்றி வேறிடம் கொண்டுபோகாமல், கரை இழந்த பக்கத்து ஊர்களின் முன்னால் கொட்ட வேண்டும் என்று நாங்கள் பல காலமாகக் கேட்டு வருகிறோம். ஆய்வாளர் தம்பி சொன்னதைப் படித்த பிறகு, அந்தக் கோரிக்கையை அடுத்த ஊர்க்கூட்டத்தில் காரணத்தோடு எழுதிக் கொடுக்க முடியும் என்று நினைக்கிறேன். ஆசிரியை அவர்களின் பிள்ளைகள் குருசடியிலிருந்து அளந்து எழுதும் நோட்டின் நகல் ஒன்று கிடைத்தால் அதையும் உடன் வைத்துக் கொடுப்போம்.